12 மி.மீ. கம்பியில் எடை ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா? சேலத்துக்காரர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாலிடெக்னிக் ஆய்வகப் பயிற்றுநர், சேலம்:

வீடு கட்டப் போகிறவர்கள் கம்பிக் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "500 ரகம் போடலாமா, 550 ரகம் போடலாமா?" என்பதுதான். எண் கூடினால் கம்பி குறைவாக வளையும் என்று பலரும் நம்புகிறார்கள். என்னிடம் வரும் மாணவர்களும் அதே நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். வாயால் விளக்குவதை விட ஒரு கம்பியை இரண்டு தாங்கிகள் மேல் வைத்து எடை ஏற்றிக் காட்டிவிடுவது எனக்குப் பிடித்த வழி.

ஆய்வகத்தில் யு.டி.எம். (கம்பியை இழுத்தும் வளைத்தும் சோதிக்கும் இயந்திரம்) இருக்கிறது. இந்தச் சோதனைக்கு நான் அதைத் தொடுவதில்லை. திரையில் எண் ஓடும்போது பையன்கள் எண்ணைப் பார்ப்பார்கள், கம்பியைப் பார்க்க மாட்டார்கள். கையால் எடைக்கல் வைக்கும்போதுதான் கம்பி என்ன செய்கிறது என்பது கண்ணில் படும்.

தேவையானது சாதா எம்.எஸ். (மென் எஃகு) உருட்டுக் கம்பி, 12 மி.மீ. தாங்கிக்குத் தாங்கி சரியாக 1 மீட்டர். கம்பி இரண்டு பக்கமும் 15 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். தொய்யத் தொய்ய முனைகள் உள்ளே வழுக்கிக்கொண்டே வரும். நீட்டு இல்லாவிட்டால் கம்பி தாங்கியை விட்டு நழுவி எடையோடு விழும். கீழே ஒரு மணல் சாக்கு போட்டுவிடுங்கள். சாதாரண டயல் கேஜில் (சிறு அசைவை அளக்கும் கருவி) தண்டு 10 மி.மீ.தான் நகரும், இங்கே அது போதாது. கம்பியின் நடுவில் ஒரு குண்டூசியை ஒட்டி, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தினால் போதும்.

இப்போது நடுவில் எடையைத் தொங்கவிடுங்கள். 1 மீட்டர் இடைவெளியில் 12 மி.மீ. எஃகுக் கம்பி கிலோவுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. இறங்கும். 5 கிலோவுக்கு 5, 10 கிலோவுக்கு 10. கணக்குப் போட்டாலும் இதே விடைதான் வரும். எஃகின் யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) சதுர மி.மீ.க்கு சுமார் 2 லட்சம் நியூட்டன். அதை வைத்து 20 கிலோவுக்குக் கணக்கிட்டால் 20.1 மி.மீ. கிடைக்கும்.

எடை ஏற்றும்போது எடுக்கிற அளவு பாதி வேலைதான். ஒவ்வொரு தடவையும் எடையை முழுதாக இறக்கி, ஊசி பழைய கோட்டுக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். மாணவர்கள் சலித்துக்கொள்வது இந்த இடத்தில்தான். எனக்கு இந்தச் சோதனையின் உயிரே இதில் இருக்கிறது. திரும்பும் வரை மீட்சி, திரும்பாத இடத்திலிருந்து நிரந்தர வளைவு. எம்.எஸ். கம்பிக்குக் குறைந்தபட்சமாகச் சொல்லப்படும் நெகிழ்வு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லை) சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன். அந்தக் கணக்கில் 17 கிலோவைத் தாண்டும்போது கம்பியின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் நெகிழத் தொடங்கும், உள்பகுதி இன்னும் மீட்சியிலேயே இருக்கும். எடை கூடக் கூட நெகிழ்ச்சி உள்ளே இறங்கும். நடுவெட்டு முழுவதும் நெகிழ சுமார் 29 கிலோ ஆகும். கடையில் வாங்குகிற கம்பி பெரும்பாலும் 250-க்கு மேலேயே இருக்கும் என்பதால் இந்த இரண்டு எண்களும் கொஞ்சம் தள்ளிப் போகும். இழுத்துப் பார்க்கிற சோதனையில் நெகிழும் இடம் பளிச்சென்று தெரிந்துவிடும். வளைத்துப் பார்க்கும்போது அது மெல்ல மெல்லத்தான் வெளிப்படும். எடை வைத்து முடித்த பிறகும் ஊசி நிற்காமல் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தால் அந்த எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தக் கம்பியை எடுத்துவிட்டு, அதே 12 மி.மீ.யில் 500டி (500 ரகத்திலேயே உடையாமல் கூடுதலாக நீளும் வகை) முறுக்குக் கம்பியை வைக்கிறேன். பத்து கிலோ ஏற்றினால் அதுவும் கிட்டத்தட்ட 10 மி.மீ.தான் இறங்குகிறது! எம்.எஸ். எவ்வளவோ அதே அளவு. 20 கிலோ, 25 கிலோ வரை போகும்போதுதான் வித்தியாசம் தெரியும்: எம்.எஸ். திரும்பாமல் நின்ற இடத்தில் இது முழுதாகத் திரும்பிவிடும். கணக்குப்படி விளிம்பு நெகிழத் தொடங்குவதே 34 கிலோவுக்கு மேல்தான். 500 என்ற எண் சொல்வது அந்த எல்லையை. எவ்வளவு தொய்யும் என்பதை யங் குணகமும் விட்டமும் நீளமும் முடிவு செய்கின்றன. எஃகில் எந்த ரகமானாலும் யங் குணகம் ஏறக்குறைய ஒன்றேதான்.

உங்களில் யாராவது வேலையிடத்தில் இதைப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

கட்டட மேற்பார்வையாளர், அம்மாபேட்டை:

வணக்கம் சார். நாங்கள் எடை ஏற்றிப் பார்ப்பதில்லை, வளைத்துப் பார்ப்போம். ஒரு வீட்டு வேலைக்கு வந்த 16 மி.மீ. கம்பியில், கம்பி கட்டுகிறவர் கொக்கி போடும்போதே வளைவின் வெளிப்பக்கத்தில் மயிரிழை விரிசல் விழுந்தது. கடைக்காரர் ஆளைக் குறை சொன்னார், ஆள் கம்பியைக் குறை சொன்னார். இரண்டு பேர் சொன்னதையும் விட்டுவிட்டு, ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினோம்.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. முறுக்குக் கம்பிக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1786-இல், கம்பியை எந்த அளவு உருளையைச் சுற்றி 180 டிகிரி வளைக்க வேண்டும் என்றே சொல்லியிருக்கிறார்கள். 16 மி.மீ. 500டி என்றால் விட்டத்தைப் போல 3 மடங்கு, அதாவது 48 மி.மீ. உருளை. வெறும் 500 என்றால் 4 மடங்கு, 64 மி.மீ. அப்படி வளைத்து வெறும் கண்ணுக்கு விரிசல் தெரியக் கூடாது. நாங்கள் கம்பி வளைக்கும் பலகையில் அடித்திருந்த ஆணி கட்டைவிரல் தடிமன் கூட இல்லை. அந்தக் கம்பி உருளையில் நன்றாகவே தேறியது. அன்றைக்கே பலகையில் பெரிய குழாய்த் துண்டுகளைப் பொருத்தச் சொல்லிவிட்டேன்.

இன்னொரு சோதனையும் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதலில் உள்கோணம் 135 டிகிரி வரும்படி வளைத்து, கொதிக்கிற தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, பிறகு கொஞ்சம் திருப்பி வளைக்கிறார்கள். தூணுக்கு விட்ட கம்பியை மடக்கி வைத்து, மாதக்கணக்கில் கழித்து நிமிர்த்துகிறோமே, கம்பி அதைத் தாங்குமா என்று இதில் தெரிந்துவிடும். தயவுசெய்து கேஸ் வைத்துச் சுட்டு மட்டும் நிமிர்த்தாதீர்கள். டிஎம்டி என்கிற இந்த முறுக்குக் கம்பியின் வலுவே, தண்ணீர் பீய்ச்சிக் கடினமாக்கிய வெளிவளையத்தில் இருக்கிறது. சூடு ஏறினால் அது போய்விடும்.

எடை போட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம். 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளம் என்றால் 10.66 கிலோ இருக்க வேண்டும். 5 சதவீதம் கூடலாம், குறையலாம். சார் சொன்ன தொய்வுக் கணக்கில் விட்டம் நான்கு தடவை பெருக்கப்படுகிறது, எடையில் இரண்டு தடவைதான். அதனால் எடை 5 சதவீதம் குறைந்தாலே விறைப்பு 10 சதவீதம் போய்விடும்.

காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு:

எனக்குப் பட்டறிவு வேறு மாதிரி. இங்கே ஈரம் அதிகம் என்பதால் மூட்டைகளைத் தரையில் போட முடியாது. கிடங்கில் கம்பிச் சட்டம் அடித்து, அதன்மேல் காப்பியும் மிளகும் அடுக்குவோம். சட்டம் நடுவில் தொய்ந்துகொண்டே வந்தது. சேலத்தில் ஒரு பட்டறையில் கேட்டதற்கு, "நல்ல ரகக் கம்பியா மாத்திப் போடுங்க, தொய்யாது" என்றார்கள். காசு கொடுத்து மாற்றினோம். மூட்டை ஏற்றியதும் அதே தொய்வு. மூட்டையை இறக்கியதும் இப்போது நிமிர்ந்துகொள்கிறது, அந்த மட்டும் லாபம். ஏன் அப்படி என்பது மேலே சார் எழுதியதைப் படித்த பிறகுதான் தெளிவாகிறது.

கடைசியில் தீர்த்து வைத்தவர் எங்கள் பக்கத்து வெல்டர். நடுவில் ஒரு கால் கொடுத்தார், கம்பிக்குப் பதில் குழாய் போட்டார். தொய்வு கிட்டத்தட்ட இல்லை. இரண்டில் எது அதிகம் உதவியது என்று சார் சொன்னால் அடுத்த கிடங்குக்குச் செலவு குறையும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 12 மீட்டர் கம்பியை நடுவில் மடித்துத்தான் வண்டியில் ஏற்றுகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி மேலே வர வேறு வழியில்லை. மேலே வந்து நிமிர்த்தினால் மடித்த இடம் மட்டும் நேராக மாட்டேன் என்கிறது, அதற்குப் பக்கத்தில் புதிதாக வளைகிறது. ஆளை மாற்றிப் பார்த்தும் இதேதான்.

கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், சிவதாபுரம்:

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், அண்ணா. எங்களுக்கு இது தினசரிப் பாடு. வெள்ளிக் கம்பியை அச்சில் இழுக்க இழுக்க அது முறுக்கேறிக்கொண்டே போகும். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். அப்போது சுட்டு ஆறவைத்தால் மறுபடி இளகும். உங்கள் கம்பியில் மடித்த இடம் அப்படித்தான் கடினமாகிவிட்டது. நிமிர்த்தும்போது பக்கத்தில் இருக்கிற இளகின பாகம் முதலில் வளைந்துகொடுக்கிறது. எங்களுக்குச் சுடுகிற வசதி உண்டு, நீங்கள் சுடக் கூடாது என்று அம்மாபேட்டைக்காரர் சொல்லிவிட்டாரே.

சார், ஒரு சந்தேகம். உங்கள் தாங்கியில் பித்தளைக் கம்பி வைத்தால் எப்படி?

பாலிடெக்னிக் ஆய்வகப் பயிற்றுநர், சேலம்:

கொலுசுப் பட்டறைக்காரர் சொன்னதை விட நன்றாக என்னால் சொல்ல முடியாது, அவ்வளவும் சரி. ஏற்காட்டு அண்ணனுக்கு: மடித்த இடத்தை நிமிர்த்திச் சுமை தாங்கும் நடுப்பகுதியில் போடாதீர்கள். அங்கேயே வெட்டிவிட்டு, இரண்டு துண்டுகளாகப் பயன்படுத்துகிற மாதிரி நீளத்தைத் திட்டமிடுங்கள். முடிந்தால் சேலத்திலேயே அளவுக்கு வெட்டி ஏற்றிக்கொள்ளுங்கள்.

கால், குழாய் இரண்டுமே உதவியிருக்கும். நடுவில் எடை தொங்கும் கம்பியில் இடைவெளி பாதியானால் தொய்வு எட்டில் ஒரு பங்கு. மூட்டை மாதிரி நீளம் முழுக்கப் பரவிய சுமையில் இன்னும் குறையும், ஏனென்றால் ஒவ்வொரு பாதிக்கும் பாதிச் சுமைதான் வருகிறது. குழாயைப் பார்ப்போம். 25 மி.மீ. வெளிவிட்டம், 1.6 மி.மீ. தடிமன் உள்ள குழாய், 12 மி.மீ. உருட்டுக் கம்பியின் எடையே ஏறக்குறைய இருக்கும். விறைப்பு மட்டும் 8 மடங்கு. இரும்பை நடுவிலிருந்து எடுத்து விளிம்புக்குக் கொண்டுபோனதால் வந்த லாபம் அது. உங்கள் கிடங்கில் ஈரம் அதிகம் என்பதால் குழாயின் இரண்டு முனைகளையும் தகடு வைத்து அடைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஒன்றுக்கு மட்டும் பணம் இருக்கிறது என்றால் நடுக்காலைப் போடுங்கள், அதற்குத்தான் செலவு குறைவு.

பித்தளைக்கு யங் குணகம் எஃகில் பாதிதான். ஆகவே அதே 12 மி.மீ., அதே 1 மீட்டரில் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 2 மி.மீ. இறங்கும். அலுமினியம் 3 மி.மீ.யை ஒட்டி வரும். நம் இரும்பாலையில் தகடாக வருகிற துருப்பிடிக்காத எஃகு வகையைக் கம்பியாக வாங்கி வைத்தாலும் சாதா எஃகிலிருந்து அதிகம் மாறாது, 1 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக வரும். பித்தளைத் துண்டு 1.3 மீட்டர் உங்களிடம் இருந்தால் கொண்டு வாருங்கள், மாணவர்கள் முன்னாலேயே ஏற்றிப் பார்த்துவிடலாம்.