நம் கழக ஜியோகாயின்: 45 மி.மீ. வட்டமா, டப்பாவுக்குள் போகிற அளவா?

தகரடப்பா:
நம் சிங்கப்பூர் ஜியோகேஷிங் கழகத்தின் ஆண்டுச் சந்திப்புக்கு நமக்கென்று ஒரு ஜியோகாயின் அடிக்கலாம் என்று போன மாதம் பாசிர் ரிஸ் பூங்காவில் பேசினோம். விலைப்புள்ளி வந்துவிட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: ஜிபிஎஸ் புள்ளியை வைத்து நாம் தேடிப் போகும் பெட்டிகளில் பொம்மை, சாவிக்கொத்து என்று எது வேண்டுமானாலும் கிடக்கும். ஜியோகாயின் அப்படி இல்லை. அதன்மேல் ஆறு எழுத்துகள் கொண்ட தடமறி எண் பொறித்திருக்கும். எடுத்தவர் எண்ணை இணையதளத்தில் பதிந்துவிட்டு வேறொரு பெட்டியில் போட வேண்டும். நாணயம் எங்கெல்லாம் போயிற்று என்று வரைபடத்தில் தெரியும். அமெரிக்கரான ஜான் ஸ்டான்லி 2001இல் அடித்ததுதான் முதல் ஜியோகாயின்.

திட்டம் இதுதான்: 45 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன், ஆன்டிக் வெள்ளிப் பூச்சு, ஒரு பக்கம் மெர்லயன் (சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட சிங்கப்பூர்ச் சின்னம்), மறுபக்கம் தீவின் வரைபடம். 100 நாணயங்கள், ஒன்று 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எல்லாருக்கும் சம்மதம்தானே?

கணக்குப்பிள்ளை:
சம்மதம் இல்லை. அண்ணன் விற்கும் விலையைச் சொன்னார், அடக்கவிலையைச் சொல்லவில்லை. அவர் அனுப்பிய தாளிலிருந்து நானே கூட்டினேன். இரண்டு பக்கத்துக்கும் அச்சு வெட்ட 260 வெள்ளி. நாணயம் ஒன்றுக்கு 7.40 வீதம் 740. தடமறி எண்களுக்கு 200. விமானக் கட்டணம் 90. எண்களை விட்டுவிட்டுச் சரக்குக்கு மட்டும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, அது 98. ஆக 1,388 வெள்ளி.

அதாவது 70ஆவது நாணயம் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். சந்திப்புக்கு வருகிறவர்கள் நாற்பது பேர். அதில் பாதிப்பேர் கூடவே வந்த பிள்ளைகள். கழக டி-சட்டை அடித்தபோதும் "எல்லாரும் வாங்குவார்கள்" என்றுதான் சொன்னீர்கள். அதில் மிச்சமான 31 சட்டைகள் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. எல்லாம் எக்ஸ்எல்.

ஆல்பம்ராணி:
சட்டையோடு நாணயத்தை ஒப்பிடாதீர்கள். சட்டையை ஜெர்மனியில் இருப்பவர் வாங்கமாட்டார், நாணயத்தை வாங்குவார். அங்கே ஜியோகாயின் சேகரிப்பதற்கென்றே ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. தூர தேசத்துச் சிறு கழகம் அடித்த நாணயம் என்றால் அவர்களுக்கு இன்னும் ருசி. 60 நாணயங்களை ஆன்டிக் வெள்ளியிலும் 40ஐக் கறுப்பு நிக்கலிலும் அடியுங்கள். இரண்டையும் வாங்காமல் எந்தச் சேகரிப்பாளரும் தூங்கமாட்டார். இது என் சொந்த நோயை வைத்துச் சொல்வது. என்னிடம் 214 நாணயங்கள் இருக்கின்றன.

காந்தப்பொட்டு:
அக்கா, அந்த 214இல் எத்தனை நாணயங்களுக்கு எண்ணைத் தளத்தில் உங்கள் பெயரில் பதிந்து உயிர்ப்பித்திருக்கிறீர்கள்?

ஆல்பம்ராணி:
ஒன்பது. கேள்வியின் நோக்கம் புரிகிறது தம்பி. உயிர்ப்பிக்காத நாணயத்துக்குத்தான் மதிப்பு. கை மாறும்போது வாங்குகிறவர் தன் பெயரில் பதிந்துகொள்ளலாம்.

காந்தப்பொட்டு:
அப்படியானால் எண்ணுக்கு 200 வெள்ளி ஏன்? ஆல்பத்தில் படுத்திருக்கப் போகிற பொருளுக்குக் கடவுச்சீட்டு எடுப்பது மாதிரி இருக்கிறது.

என் உண்மையான எதிர்ப்பு வேறு. இந்தத் தீவில் நான் மறைத்து வைத்த பெட்டிகள் 52. பேருந்து நிறுத்தத்து இருக்கைக்குக் கீழே, பூங்காக் கைப்பிடியின் உள்பக்கம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக்குப் பக்கத்து மின்கம்பத்தில் என்று எல்லாமே சிறியவை. பெரிய டப்பாவை எங்கே வைப்பது? கேட்பாரற்ற பொருள் என்று யாராவது காவல்துறையை அழைத்துவிடுவார்கள். 52இல் 34 பழைய ஃபிலிம் டப்பாக்கள், 15 விரல்நுனி அளவு காந்த நானோக்கள், மூன்றே மூன்று சாப்பாட்டு டப்பாக்கள்.

நேற்று இரவு வெர்னியர் வைத்து அளந்தேன். ஃபிலிம் டப்பாவின் உள்விட்டம் ஏறக்குறைய 30 மி.மீ. நீங்கள் அடிக்கப்போவது 45. நம் ஊர் நாணயம், நம் ஊரிலேயே மூன்று பெட்டிகளில்தான் இறங்கும்!

தகரடப்பா:
புலாவ் உபினிலும் மெக்ரிச்சியிலும் பெரிய பெட்டிகள் இருக்கின்றனவே. நாணயம் அங்கிருந்து கிளம்பட்டும். வெளிநாட்டுக்காரர் எடுத்துப் போவார். அவர்கள் ஊர்க் காட்டில் வெடிமருந்துப் பெட்டி அளவுக்கு வைத்திருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
எடுத்துப் போவார், உண்மை. திருப்பி எங்காவது போடுவாரா? நான் 2019இல் உபினில் விட்ட நாணயம் இரண்டே கை மாறியது. மூன்றாவது ஆள் எடுத்தார், அதன்பிறகு வரைபடத்தில் அசைவே இல்லை. அவருடைய வீட்டு அலமாரி என் நாணயத்துக்குக் கடைசி நிறுத்தம்.

ஆல்பம்ராணி:
அதற்குத்தான் வழி இருக்கிறதே. அசலை வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் படத்தை அட்டையில் அச்சிட்டு, எண்ணை எழுதி, லேமினேட் செய்து அனுப்புங்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

காந்தப்பொட்டு:
மாப்பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் புகைப்படத்தை அனுப்புகிற கதை.

குன்றேறி:
அளவு பற்றிய சண்டையை நீங்கள் தொடருங்கள். எனக்கு அந்த மெர்லயன்மேல்தான் கோபம். 2013இல் வந்த ஒரு டாலர் நாணயத்திலேயே மெர்லயன் இருக்கிறது, எல்லாருடைய பையிலும் நான்கைந்து கிடக்கின்றன. அதை 20 வெள்ளி கொடுத்து மறுபடி வாங்க வேண்டுமா? தவிர, அது பயணத்துறைக் கழகத்துக்காக 1964இல் உருவான சின்னம். இன்றும் விற்பனைப் பொருளில் போட அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். அண்ணன் விண்ணப்பித்தாரா?

என் யோசனை: சிங்கப்பூர்க் கல். ஆற்று முகத்துவாரத்தில் நின்ற பெரிய மணற்பாறை, ஏறக்குறைய 50 வரி எழுத்து. 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. இன்றுவரை யாரும் முழுதாகப் படித்ததில்லை. புதிர்ப் பெட்டி வைத்து ஊரையே அலைக்கழிக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் உண்டா?

தகரடப்பா:
அனுமதி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். கல் நல்ல யோசனை. மறுபக்கம் சோழர் புலியைப் போடலாமா? அந்தக் கல்லில் சோழர் பெயர் இருப்பதாகப் படித்தேன்.

குன்றேறி:
கூடாது. 2019இல் ஆய்வாளர் ஒருவர் அதில் 'கேசரிவ' என்று சில எழுத்துகளைப் படித்தார், பரகேசரி என்ற சோழர் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றார். மற்றவர்கள் ஏற்றுக்கொண்டு முடிந்த விஷயம் இல்லை. நம் கழகத்தில் சீனர், மலாய்க்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். கல்லை விளங்காத கல்லாகவே விடுங்கள்.

ஆல்பம்ராணி:
கல் அழகுதான். ஆனால் தேய்ந்த எழுத்தை உலோகத்தில் கொண்டுவருவது லேசில்லை. கோடு மெலிந்தால் அச்சில் அடைத்துக்கொள்ளும், எனாமல் வழிந்து பக்கத்துக் குழியில் சேரும். நிறமே வேண்டாம், வெறும் புடைப்பும் ஆன்டிக் பூச்சும் போதும் என்றால் சம்மதம். பள்ளத்தில் கறுப்பு தங்கி, மேடு தேய்ந்து வெளுக்கும்போது கல் மாதிரியே இருக்கும். நான்கு வரிகளுக்கு மேல் போகாதீர்கள். இன்னொன்று, துத்தநாகக் கலவை வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் பூச்சு கீறினால் வெள்ளையாகப் பொடி பூக்கும். பித்தளையில் அடியுங்கள்.

காந்தப்பொட்டு:
நிறம் போனால் செலவும் குறையும். அப்படியே அளவையும் 28 ஆக்குங்கள்.

ஆல்பம்ராணி:
28 மி.மீ. நாணயம் டப்பாவின் அடியில் தட்டையாகப் படுத்துவிடும். மேலே, கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் பதிவுச் சுருள். நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். ஒரு முறை நானே டப்பாவைத் தலைகீழாகத் தட்டித் தட்டி, அது வடிகாலுக்குள் விழுந்து, சாங்கி கடற்கரையில் முட்டிபோட்டுக் கிடந்தேன்.

குன்றேறி:
வட்டமாகத்தான் இருக்க வேண்டுமா? உடைந்த கல் வட்டமாகவா இருக்கிறது? நீளமாக, ஓரம் சீரில்லாமல் வெட்டலாம். 24 மி.மீ. அகலம், 42 உயரம். டப்பாவுக்குள் நட்டுக்குத்தாக நிற்கும்.

ஆல்பம்ராணி:
வட்டம் இல்லாவிட்டால் நாணய உறைக்குள் போகாது. உறைக்குள் போகாததைச் சேகரிப்பாளர் வாங்கத் தயங்குவார். ஜெர்மனி வியாபாரம் பாதியாகிவிடும். அதை நாணயம் என்று சொல்வதற்கே எனக்கு வாய் வரவில்லை, கழுத்தில் தொங்கவிடும் தாயத்து அது.

கணக்குப்பிள்ளை:
பாதியாகட்டும். முன்பதிவு எடுங்கள், பணம் கட்டியவர்களுக்கு மட்டும் அடியுங்கள், பத்து மட்டும் உபரி. 50 வந்தால் 50. அச்சுக் கூலி தலைக்குக் கொஞ்சம் கூடும், 24 வெள்ளி என்று வையுங்கள். கட்டிலுக்கு அடியில் இனி இடம் இல்லை.

இன்னொன்று. சந்திப்பின் நிகழ்வுப் பக்கத்தில் நாணய விற்பனை பற்றி ஒரு வார்த்தை எழுதாதீர்கள். வணிக விளம்பரம் என்று தளத்தின் பரிசீலகர் பக்கத்தையே வெளியிடமாட்டார்.

தகரடப்பா:
முன்பதிவுக்குச் சரி. மெர்லயனைக் கைவிட்டேன். வடிவத்தை மட்டும் சனிக்கிழமை வாக்குக்கு விடுகிறேன்.

காந்தப்பொட்டு:
வாக்குக்கு முன் ஒரு தகவல். குன்றேறி சொன்ன அளவில் 3 மி.மீ. தடிமனுள்ள பழைய மரஸ்கேலை அறுத்து டப்பாவில் நிறுத்தினேன். பதிவுச் சுருள் பக்கத்தில் நிற்கிறது, மூடி இறுகுகிறது, குலுக்கினால் சத்தம்கூட இல்லை. சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.

ஆல்பம்ராணி:
கொண்டுவா. நான் 45 மி.மீ. உறையைக் கொண்டுவருகிறேன். உன் மரத்துண்டு அதில் எப்படி ஆடுகிறது என்று எல்லாரும் பார்க்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
நான் சட்டைகளைக் கொண்டுவருகிறேன். எக்ஸ்எல், ஐந்து வெள்ளி.