மறு: டிஃபரன்ஷியல் லாக்கர் – ‘பூட்டு’ என்ற சொல்லைக் கைவிட வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம். வண்டிப் பாகங்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில், டிஃபரன்ஷியல் (ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைக் கொண்டுசெல்லும் பல்சக்கர அமைப்பு) லாக்கருக்குப் ‘பூட்டு’ வேண்டாம் என்று வந்த மடலுக்கு இது பதில்.

> பூட்டு என்றால் அசையாமல் நிறுத்துவது. லாக்கர் போட்ட பிறகும் சக்கரம் சுழல்கிறதே! ‘பிணைப்பி’ என்போம்.

ஐயா, பூட்டுதலுக்கு இன்னொரு பொருளும் நம்மிடம் உயிரோடு இருக்கிறது. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் இரண்டும் சேர்ந்தே நடந்தாக வேண்டும். லாக்கரின் வேலையும் அதுவே.

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தில் ஒரு லேண்ட் குரூஸர் வண்டி மணல்மேடு ஏறுகிறது. பின்சக்கரங்களில் ஒன்று அந்தரத்தில் தொங்குகிறது என்று கொள்வோம். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் சம அளவு முறுக்குவிசையைத்தான் தரும். தொங்கும் சக்கரம் சுழல விசை அதிகம் வேண்டாம். அந்தச் சொற்ப விசையே மணலைப் பற்றி நிற்கும் சக்கரத்துக்கும் போகிறது. வண்டி நகராது. காற்றழுத்தத்தாலோ மின்சாரத்தாலோ லாக்கரை இயக்கியதும் இரண்டு அரையச்சுகளும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன, பிடிப்புள்ள சக்கரம் வண்டியைத் தள்ளுகிறது. ஆகவே ‘அச்சுப்பூட்டு’. முன்னச்சுப்பூட்டு, பின்னச்சுப்பூட்டு என்று பிரித்துச் சொல்லவும் வசதி. பாதியளவே பிணைக்கும் லிமிடெட் ஸ்லிப் வகைக்கு ‘அரைப்பூட்டு’ போதும்.

டிஃபரன்ஷியலுக்கு முன்மொழியப்பட்ட ‘விசைப்பகிர்வி’யை நான் ஏற்கவில்லை. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் விசையைப் பகிரும் டிரான்ஸ்பர் கேஸ் அதே வண்டியில் இருக்கிறது. அந்தப் பெயர் அதற்கே பொருந்தும். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவதே டிஃபரன்ஷியலின் பிறவிப்பயன். ‘வேறுசுழற்றி’ என்றால் அது விளங்கும். கெட்டியான சாலையில் பூட்டை எடுத்துவிட வேண்டும் என்பதற்கான காரணமும் அந்தப் பெயரிலேயே கிடைத்துவிடும்.

பிரேக் என்ற சொல் அச்சிலும் பேச்சிலும் நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். பெரிய டயரும் கூடுதல் சுமையும் ஏற்றிய வண்டி நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது, சூடேறிப் பிரேக்கின் பிடி குறைகிறதே, அதற்குத்தான் சொல் தேவை. ‘சோர்வு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உலோகச் சோர்வு என்று வேறொன்றுக்கு ஏற்கெனவே வழங்குகிறோம். பெரிய பிரேக் தட்டும் அதைக் கவ்விப் பிடிக்கும் வலுவான காலிப்பரும் மாற்றுவது இந்தச் சூட்டைத் தாங்கத்தான் என்பதால், ‘சூட்டுத்தளர்வு’ என்கிறேன். பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் இதற்கு வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.