புதுப்பிப்பு: டேக் ரீடர் இப்போது படிக்கிறது

போன மாதம் கேட்டிருந்தேன்: குலசேகரம் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பால் வாளிகளை அடையாளம் காண நானே செய்த 125 கிலோஹெர்ட்ஸ் RFID ரீடர், டேக்கை (தொடாமலே படிக்கக்கூடிய, அடையாள எண் உள்ள சிறு வில்லை) ஒட்டி வைத்தால்தான் படிக்கிறது, ஏன் என்று. "முதலில் காயிலை அளந்து பாருங்க" என்ற அண்ணனுக்கு நன்றி. கோளாறு அந்தக் காயிலில்தான், அதாவது ரீடரின் ஆன்டெனாவான கம்பிச்சுருளில்.

கணக்குப்படி அதன் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல் அளவு) 1.62 மில்லிஹென்றி வர வேண்டும். நான் சுற்றியது 1.49. ஒரு நானோஃபாரட் கெபாசிட்டரோடு அது 130 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்துகொண்டிருந்தது, அதாவது 125-இல் வர வேண்டிய அலையின் உச்சம் அங்கே போயிருந்தது. இணையாக 82 பிக்கோஃபாரட் சேர்த்ததும் 125 பக்கம் வந்துவிட்டது. நாகர்கோவிலில் நண்பரின் சர்வீஸ் கடை ஆசிலோஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) அலை எகிறியதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்! இப்போது 6 சென்டிமீட்டரில் படிக்கிறது.

புதிதாகச் செய்பவர்கள் கவனிக்க: ஒத்ததிர்வில் காயிலின் மின்னழுத்தம் 100 வோல்ட்டைக்கூடத் தாண்டலாம். அதைத் தாங்கும் கெபாசிட்டர் போடுங்கள். மலிவான செராமிக் சூட்டில் மதிப்பு மாறும். பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் நல்லது.

அப்புறம் வாளி. அலுமினியத்தில் நேராக ஒட்டிய டேக் படிக்கவே இல்லை. உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டம் காந்தப்புலத்தை எதிர்த்து அடக்கிவிடுகிறது. டேக்கை கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன், சரியாகிவிட்டது. மழை விட்டு பால்வெட்டு தொடங்கியதும் எல்லா வாளியிலும் மாட்டப்போகிறேன்.