விடுபட்டவங்களைத் தேடுற வேலை

(வலங்கைமான் சொந்தங்கள் – வாட்ஸ்அப் குழு)

சேகர், மாலை 6:52
எல்லாருக்கும் வணக்கம். நிவேதா பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சிட்டா. நான் பி.எட். போடச் சொல்றேன், அவ பொது சுகாதாரம்னு நிக்கிறா. பிளஸ் டூ முடிச்ச ஹரியும் அதே பேச்சு. டாக்டரும் இல்லாம நர்ஸும் இல்லாம அங்க என்ன வேலை இருக்கு? செல்வி அக்கா, ராஜேந்திரா, கவிதா, நீங்க மூணு பேரும் அந்தத் துறை தெரிஞ்சவங்க, கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க.

செல்வி, 7:05
தம்பி, ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களைப் பார்க்கிறது ஒரு வேலை. வராம விட்டவங்க யாருன்னு தெருத்தெருவாப் போய்க் கண்டுபிடிக்கிறது இன்னொரு வேலை. அதுக்குன்னு நம்ம மாநிலத்துல தனி இயக்குநரகமே இருக்கு, 1939லயே தனிச் சட்டம் போட்டாச்சு. டாக்டர் நர்ஸ் தவிர அதுல ஏகப்பட்ட பதவி.

நிவேதா, 7:06
அத்தை, அந்த ரெண்டாவது வேலைதான் எனக்கு வேணும்.

ராஜேந்திரன், 7:11
மச்சான், ஹரிக்கு முதல்ல சொல்லிடறேன். சுகாதார ஆய்வாளர் கிரேடு 2. பிளஸ் டூவில் உயிரியல், இல்லன்னா தாவரவியலும் விலங்கியலும் படிச்சிருக்கணும். பத்தாவதுல தமிழ் ஒரு பாடமா இருந்திருக்கணும். அதுக்கு மேல ரெண்டு வருஷ சுகாதார ஆய்வாளர் படிப்பு. பிள்ளைங்க ஏமாறுறது இந்த இடத்துலதான். சானிட்டரி இன்ஸ்பெக்டர்னு போட்டு ஒரு வருஷ டிப்ளமோவுக்குப் பணம் வாங்கிடறாங்க. காசு கட்டுறதுக்கு முன்னாடி, பொது சுகாதார இயக்குநர் வழங்குற சான்றிதழ் கிடைக்குமான்னு கேளு. கிடைக்கும்னா அங்கீகார ஆணையைக் கையில வாங்கிப் பாரு. காந்திகிராமத்துல நடக்கிற படிப்பு செல்லும்.

ராஜேந்திரன், 7:13
ஆள் எடுக்கிறது எம்.ஆர்.பி., மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். தேர்வு வைக்கிற பதவின்னா தமிழ் தகுதித் தாள் ஒண்ணு இருக்கும். அதுல 40 சதவீதம் எடுக்கலன்னா அடுத்த தாளைத் திருத்தவே மாட்டாங்க. தமிழ்தானேன்னு விட்டுட்டுப் போற பசங்க இதுல அடிபடுவாங்க. அடிப்படைச் சம்பளம் 19,500ல ஆரம்பம், படிகள் தனி.

ஹரி, 7:15
மாமா, வேலைன்னா கொசு மருந்து அடிக்கிறதா?

ராஜேந்திரன், 7:24
புகை அடிக்கிறது கடைசி ஆயுதம்டா. அதுல பறக்கிற கொசுதான் சாகும், தொட்டியில நெளியிற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஏழிலிருந்து பத்து நாள். அதனாலதான் ஒவ்வொரு வீட்டையும் வாரம் ஒரு தடவை பார்க்கணும்னு வச்சிருக்கு. பத்து நாள் விட்டா ஒரு தலைமுறை பறந்துடும்.

தொட்டிப் புழுவைக் கொல்ற மருந்து அபேட். அந்த அபேட் 50 சதவீத மருந்துல 20 மில்லியை 10 லிட்டர் தண்ணியில கலந்தா, கரைசல்ல மில்லிக்கு ஒரு மில்லிகிராம் மருந்து நிக்கும். அப்ப ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு மில்லி கரைசல், 500 லிட்டர் சிமெண்ட் தொட்டிக்கு அரை லிட்டர். கூட வர்ற பணியாளர்கள் அளவுக் குவளை இல்லாம மூடியால குத்துமதிப்பா ஊத்துவாங்க. குறைஞ்சா புழு சாகாது, கூடினா வாடை தாங்காம வீட்டுக்காரங்க அடுத்த வாரம் கதவே திறக்க மாட்டாங்க. ரெண்டுமே நஷ்டம்.

இன்னொண்ணு, முட்டை தண்ணியில மிதக்காது. தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல சுவர்ல ஒட்டியிருக்கும், காய்ஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். தொட்டியைக் காலி பண்ணி மறுபடி நிரப்பினா பொரிஞ்சிடும். பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லணும், பக்கத்துல நின்னு தேய்க்க வைக்கணும்.

நிவேதா, 7:27
நம்ம பக்கம் யானைக்கால் இருந்ததே மாமா, அதுக்கு இப்ப வேலை இருக்கா?

ராஜேந்திரன், 7:36
கும்பகோணம் சுத்துவட்டாரம் அதுக்குப் பேர்போன இடம்மா. குறைஞ்சு போச்சுன்னு விட்டுட முடியாது, கண்காணிப்பு தொடரணும். யானைக்காலை உண்டாக்குற புழுவோட குஞ்சு ராத்திரியிலதான் விரல் நுனி ரத்தத்துக்கு வரும். அதனால ரத்தம் எடுக்கிறது இரவு எட்டரையிலிருந்து பன்னிரண்டுக்குள்ள.

இடது கை மோதிர விரல். ஸ்பிரிட் தடவினா முழுசாக் காயணும், ஈரத்தோட குத்தினா சொட்டு பரவி ஸ்லைடு வீணாப் போயிடும். முதல் சொட்டைத் துடைச்சிட்டு, மூணு கோடா இழுக்கணும், கோட்டுக்கு 20 மைக்ரோலிட்டர். காயவைக்கிற இடத்துல எறும்பும் கரப்பானும் வந்தா ரத்தப்படலத்தைத் தின்னுட்டுப் போயிடும், காலையில பார்த்தா வெறும் கண்ணாடிதான் இருக்கும். மூடி போட்ட பெட்டி இல்லாமக் கிளம்பவே கூடாது. ஸ்லைடு எண்ணும் பதிவேட்டு எண்ணும் அந்த வாசல்லயே பொருந்தியிருக்கணும். எண் மாறிப் போச்சுன்னா புழு இருக்கிறவருக்கு மாத்திரை போகாது, இல்லாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

சேகர், 7:38
ராத்திரி பன்னிரண்டு வரைக்கும்னா பொம்பளப் பிள்ளைக்கு எப்படி ராஜேந்திரா?

ராஜேந்திரன், 7:40
குழுவாத்தான் போவாங்க மச்சான். முன்கூட்டியே ஊராட்சித் தலைவருக்கும் தெருப் பெரியவங்களுக்கும் சொல்லிட்டுத்தான் போகணும். சொல்லாமப் போனா பாதித் தெரு படுத்துடும்.

செல்வி, 7:52
நிவேதா, கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு ரெண்டு வருஷ ஏ.என்.எம்., அதாவது துணைச் செவிலியர் படிப்பு படிக்கணும், நர்ஸ் கவுன்சில்ல பதியணும். நீ டிகிரி முடிச்சிட்டதால அந்த வழி வேண்டாம். ஆனா எந்தத் திட்டத்துல சேர்ந்தாலும் செவிலியரோட பதிவேடு உனக்குப் படிக்கத் தெரியணும்.

ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் கணக்கு. ஆயிரத்துக்கு 13 பிறப்புன்னு வச்சா வருஷத்துக்கு 65 குழந்தை. பதிவேட்டுல 52 தான் இருக்குன்னு வை, அந்த 52க்கும் ஊசி போட்டாச்சு, நூறு சதவீதம்னு அறிக்கை போகும். மீதி 13 எங்க? அதைக் கேட்கத்தான் திட்ட ஆட்கள் வேணும். கொஞ்சம் பேர் தாய்வீட்டுப் பிரசவத்துக்கு வேற ஊர் போயிருப்பாங்க, கொஞ்சம் பேர் தனியார்ல பார்த்திருப்பாங்க. அவங்களை, கர்ப்பத்தைப் பதியும்போது கொடுக்கிற 12 இலக்க பிக்மி எண்ணை வச்சுப் பிடிச்சிடலாம், அது இல்லாமப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது.

பிடிபடாதது செங்கல் காளவாய்க் குடும்பம், நடவுக்கு வடக்கேயிருந்து வர்றவங்க, அறுப்பு முடிஞ்சதும் ராமநாதபுரம் பக்கத்துலேருந்து ஆட்டுக்கிடை ஓட்டிட்டு வர்ற கீதாரிக் குடும்பம், வாத்து மேய்க்கிறவங்க. பத்து நாள் ஒரு வயல்ல இருப்பாங்க, அடுத்த வாரம் வேற ஊர் எல்லை. புதன்கிழமை ஊசி நாள்ன்னு அவங்களுக்கு யார் சொல்லுவா? கிடை எந்த வயல்லன்னு மிராசுதாரைக் கேட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். கேட்கிற ஆள் வேணும்.

சேகர், 7:55
ஆமாக்கா, கிடை போடுறதுக்கு என்கிட்டதான் முதல்ல வந்து பேசுவாங்க. இதை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல.

செல்வி, 7:56
இந்த வருஷம் வந்தா உங்க ஊர் செவிலியருக்கு ஒரு போன் போட்டுடு தம்பி. அஞ்சு வயசுக்குள்ள எத்தனை பிள்ளைன்னு மட்டும் சொன்னாப் போதும்.

நிவேதா, 7:59
அத்தை, தடுப்பூசி மருந்தைப் பாதுகாக்கிறதும் இதுல வருமா? கஜா புயல்ல வாரக்கணக்குல கரண்ட் இல்லையே.

செல்வி, 8:10
வரும். 2018 நவம்பர் 16ல கஜா அடிச்ச மாதிரி ஒரு நாள் வந்தா, எந்தப் பெட்டியை எந்த ஊருக்கு மாத்தணும்னு முன்னாடியே எழுதி வச்சிருக்கணும். ஐ.எல்.ஆர்.னு சொல்ற தடுப்பூசிக் குளிர்பெட்டியைத் திறக்காம வச்சா நாளைக்கு எட்டு மணி நேரம் கரண்ட் போதும். அதுவும் இல்லன்னா ஜெனரேட்டர் இருக்கிற நிலையத்துக்குக் கொண்டு போயிடணும்.

2லிருந்து 8 டிகிரி. எல்லாரும் சூட்டுக்குப் பயப்படுவாங்க, குளிரை விட்டுடுவாங்க. உறைஞ்சா அஞ்சு நோய்க்கு ஒண்ணாப் போடுற பென்டாவேலன்ட், டி.டி., மஞ்சள் காமாலை ஊசி எல்லாம் கெட்டுப் போயிடும். புட்டியில ஒட்டியிருக்கிற, நிறம் மாறுற வி.வி.எம். அடையாளம் சூட்டை மட்டும்தான் காட்டும், உறைஞ்சதைக் காட்டாது. ஃப்ரீசர்லேருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே ஊசி கொண்டு போற கேரியர்ல அடுக்கக் கூடாது. வெளியில வச்சு, மேல வியர்த்து, காதுகிட்ட ஆட்டினா உள்ள தண்ணி சலசலக்கணும். அப்புறம்தான் அடுக்கணும். காலையில அவசரத்துல இதைத்தான் தாண்டிடுவாங்க.

கவிதா, 8:22
இப்பதான் வேலை முடிஞ்சு வந்தேன், எல்லாத்தையும் படிச்சிட்டேன். நிவேதா, உனக்கு இப்பவே பொருந்துறது காசநோய்த் திட்டத்துல எஸ்.டி.எஸ்., முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர். ஏதாவது ஒரு டிகிரி, ரெண்டு மாசத்துக்குக் குறையாத கம்ப்யூட்டர் சான்றிதழ், நிரந்தர டூ வீலர் லைசென்ஸ், ஓட்டவும் தெரியணும்.

நிவேதா, 8:23
அக்கா, அதுல தினம் என்ன செய்யணும்?

கவிதா, 8:37
நோயாளி பட்டியலை எடுத்துக்கிட்டுப் போறதுதான். சாதாரண காசநோய்க்கு 6 மாசம். முதல் 2 மாசம் நாலு மருந்து, அடுத்த 4 மாசம் மூணு மருந்து, தினமும். மருந்தெல்லாம் ஒரே மாத்திரையில சேர்ந்திருக்கும், தினம் எத்தனை மாத்திரைங்கிறது எடையைப் பொறுத்தது: 35லிருந்து 49 கிலோ வரைக்கும் மூணு, 50லிருந்து 64 வரைக்கும் நாலு. சாப்பாடு சரியாகி எடை ஏறின பிறகும் பழைய மூணே ஓடிக்கிட்டிருக்கும். மாசாமாசம் எடையை எழுதினா மட்டும் போதாது, மாத்திரைக் கணக்குல அடுத்த எடை வரம்புக்குப் போயிட்டாரான்னு பார்த்து டாக்டர்கிட்ட சொல்லணும்.

2022லேருந்து நம்ம மாநிலத்துல காசநோய் இறப்பில்லா திட்டம் இருக்கு. நோய் உறுதியானதும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், பிடிமானம் இல்லாம நிக்க முடியுதான்னு பார்க்கிறாங்க. எடையையும் உயரத்தையும் வச்சுக் கணக்குப் போடுற பி.எம்.ஐ. 14, அதுக்குக் கீழ; இல்லன்னா 16க்குள்ள இருந்து கால் வீங்கியிருக்கு; மூச்சு நிமிஷத்துக்கு 24க்கு மேல; ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ; நிக்க முடியல. இதுல ஒண்ணு இருந்தாலும் உள்நோயாளியாச் சேர்க்க அனுப்பணும். 158 செ.மீ. உயரம், 36 கிலோன்னு வச்சுக்கோ, பி.எம்.ஐ. 14.4. அதை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கணுக்கால்ல விரலை அழுத்தி எடு. குழி அப்படியே நின்னா அவர் படுக்கையில இருக்க வேண்டிய ஆள்.

மூச்சை எண்ணப் போறேன்னு சொல்லிட்டு எண்ணாதே, சொன்னா அவங்க மூச்சை மாத்திடுவாங்க. நாடி பிடிக்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சு ஏறி இறங்கறதை முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்கினா, ஒண்ணு தப்பினாலே நாலு தப்பும்.

கவிதா, 8:41
அப்புறம் ஊட்டச்சத்துப் பணம். 2018 ஏப்ரல்லேருந்து மாசம் 500, 2024 நவம்பர்லேருந்து 1,000. நிக்‌ஷய் தளத்துல, அதாவது காசநோயாளிகளைப் பதியிற அரசு இணையதளத்துல, வங்கிக் கணக்கு ஏறலன்னா பணம் போகாது. பாஸ்புக்கு பழசா இருக்கும், வங்கி இணைஞ்சு ஐ.எஃப்.எஸ்.சி. மாறியிருக்கும், இல்லன்னா ரொம்ப நாளாப் புழங்காம கணக்கு முடங்கியிருக்கும். பாஸ்புக்கைப் பார்த்து எழுதறதோட நிக்காம வங்கியில கேட்டு உறுதி பண்ணணும். கூலிக்குப் போகாம மாத்திரை சாப்பிடுறவருக்கு அந்த ஆயிரம்தான் முட்டையும் பயறும்.

சேகர், 8:44
கவிதா, இது நிரந்தர வேலையாம்மா?

கவிதா, 8:52
இல்ல சித்தப்பா, மறைக்காமச் சொல்லிடறேன். இது மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலமா 11 மாச ஒப்பந்தம். எக்காலத்திலும் பணி நிரந்தரம் கோர மாட்டேன்னு சுய விருப்ப ஒப்புதல் கடிதம் எழுதிக் கொடுத்துட்டுத்தான் சேரணும். தொகுப்பூதியம். வருஷா வருஷம் புதுப்பிக்கிற நேரத்துல மனசு அடிச்சுக்கும். இத்தனை பேர் உயிரைப் பார்க்கிற வேலையை இப்படி வச்சிருக்கிறது சரியில்லன்னுதான் நான் சொல்லுவேன். ஆனா களத்துல கத்துக்கிறது வேற எங்கயும் கிடைக்காது, எம்.ஆர்.பி. தேர்வு வரும்போது அதையும் எழுதலாம்.

அறிவிப்பு மாவட்ட இணையதளத்துலதான் வரும். திங்கட்கிழமை திருவாரூர், தஞ்சாவூர், நாகை, மயிலாடுதுறை நாலையும் பார்த்துடு. விண்ணப்ப உறை மேல பதவிப் பெயர் எழுதலன்னா பிரிக்காமலே ஓரமாப் போயிடலாம். கடைசி நாள் சாயங்காலம் 5 மணிக்குள்ள போய்ச் சேரணும், தபால் தாமதத்துக்கு அவங்க பொறுப்பில்ல. முடிஞ்சா நேர்ல கொடுத்து ஒப்புகை வாங்கிடு. இடையில யாராவது பணம் கேட்டா அந்த ஆள்கிட்ட பேச்சை நிறுத்திடுங்க.

நிவேதா, 8:55
மேல படிக்கணும்னா அக்கா?

கவிதா, 9:03
நம்ம நீலக்குடி மத்தியப் பல்கலையிலேயே நோய்ப்பரவலியல், பொது சுகாதாரத்துக்குத் துறை இருக்கு, நுழைவு சி.யு.இ.டி. முதுநிலைங்கிற பொது நுழைவுத் தேர்வு வழியா. சென்னை அயப்பாக்கத்துல தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் எம்.பி.எச்., அதாவது பொது சுகாதார முதுநிலைப் படிப்பு நடத்துது. எதுலயும் சேர்றதுக்கு முன்னாடி டாக்டர் இல்லாதவங்களை எடுப்பாங்களா, எத்தனை வருஷ அனுபவம் கேக்கிறாங்கன்னு அந்த வருஷக் குறிப்பேட்டைப் பாரு. அதே நிறுவனத்தோட ஆய்வு அடிப்படைப் படிப்பு என்.பி.டி.இ.எல்.ங்கிற இணையவழிப் பாடத் தளத்துல இலவசம், தேர்வு எழுதினாத்தான் கட்டணம். ஒரு வருஷம் களம், அப்புறம் படிப்புன்னா வகுப்புல சொல்றது புரியும். எக்ஸெல்ல பட்டியலை வடிகட்டவும் பிவட் அட்டவணை போட்டுத் தொகுக்கவும் இப்பவே பழகிடு. யாருக்கு மாத்திரை தேதி தவறிடுச்சுன்னு காலையில அஞ்சு நிமிஷத்துல எடுக்கத் தெரிஞ்சா, மீதி நாள் தெருவுக்குக் கிடைக்கும்.

ஹரி, 9:06
மாமா, ஒரு இடத்துல அங்கீகாரம் இருக்குன்னு சொன்னாங்க. கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?

ராஜேந்திரன், 9:07
அனுப்பு. எந்த வருஷத்துக்கு, எத்தனை இடத்துக்குன்னு போட்டிருக்கிற பக்கமும் வேணும். முதல் பக்கம் மட்டும் காட்டினா பணம் கட்டாதே.

சேகர், 9:10
நிவேதாகிட்ட டிகிரி இருக்கு, கம்ப்யூட்டர் சான்றிதழும் இருக்கு. லைசென்ஸ் மட்டும் இல்ல. அறிவிப்பு வந்ததும் எடுத்துக்கலாமா?

கவிதா, 9:12
முடியாது சித்தப்பா. எல்.எல்.ஆர்., அதான் பழகுநர் லைசென்ஸ், எடுத்து 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்ட். அறிவிப்பு வந்தா அவ்வளவு நாள் கிடைக்காது. கியர் வண்டிக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்க.

சேகர், 9:14
சரிம்மா. நாளைக்குக் காலையில இ-சேவை மையத்துல பதிஞ்சிடறேன். நிவேதா, ஆதாரை எடுத்து வை.