அபிவிருத்தியும் மோதலும் படித்தால் திருகோணமலையில் இருந்துகொண்டு என்ன வேலை செய்யலாம்?

கேள்வி (தம்பலகாமத்துப் பிள்ளை):
அரசியல் விஞ்ஞானம் சிறப்புக் கலை, மூன்றாம் வருடம். அபிவிருத்தித் திட்டங்களுக்கும் இனமோதலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றித்தான் மேலே படிக்க விருப்பம். வீட்டில் கேட்பது ஒன்றுதான், படித்து முடித்தால் அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் வரும், இல்லாவிட்டால் ஆசிரியர் நியமனம், அதற்குமேல் எதற்கு இந்த ஆராய்ச்சி என்று. அப்பா வேளாண்மைக்காரர், எங்கள் வயலுக்குத் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. அந்தக் குளத்தடியில் யாரைக் குடியேற்றினார்கள், வாய்க்கால் எங்கே போனது என்ற பேச்சைக் கேட்டுத்தான் வளர்ந்தேன், அதனால்தான் இந்தப் பாடத்தில் இவ்வளவு பிடிப்பு. இந்தத் துறையில் இருப்பவர்கள் நாளாந்தம் உண்மையில் என்ன செய்கிறார்கள்? இதில் வாழ முடியுமா?

பதில் 1 (உப்புவெளி அண்ணா):
தங்கச்சி, முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்குப் பிறகு திருகோணமலையில் தெருவுக்கு ஒரு தொண்டு நிறுவனப் பலகை இருந்தது, ஆங்கிலம் தெரிந்த எவருக்கும் வேலை கிடைத்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. போர் முடிந்தபின் ஒவ்வொன்றாகப் போனார்கள், 2025இல் அமெரிக்க உதவி நிறுவனத்தை மூடியபோது மிச்சமிருந்த புரொஜெக்ட்டுகளிலும் பல நின்றன. இப்போது இருப்பது பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடக் கொந்தராத்து. நான் செய்வது திட்ட மதிப்பீடு: கிராமத்துக்குப் போய் கேள்விக்கொத்து நிரப்பி, குழுக் கலந்துரையாடல் வைத்து, அறிக்கை எழுதுவது. அறிக்கை எழுதுவதில்தான் பாதி நாள் போகும். புள்ளிவிபரம் பழகு, அதோடு சிங்களம் கட்டாயம் பழகு. சேருவில பக்கம் போய் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு காணிப் பிரச்சினை கேட்டால் உனக்கு ஒன்றும் விளங்காது. வெளிநாட்டில் முதுமாணி என்றால் பிரிட்டனின் செவனிங் புலமைப்பரிசில் இருக்கிறது, அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். ரோட்டரியின் சமாதானப் புலமைப்பரிசிலில் சுவீடனின் உப்சாலாவுக்கும் போகலாம்.

பதில் 2 (பழைய விரிவுரையாளர்):
பிள்ளை, நீங்கள் கேட்ட கேள்விக்குக் கிழக்கு மாகாணத்திலேயே விடை இருக்கிறது. நோர்மன் அப்ஹோப் என்று ஒருவர், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து அரசியல் விஞ்ஞானி. 1980களின் தொடக்கத்தில் அம்பாறைப் பக்கத்துக் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் வேலை செய்தார். 1949இல் தொடங்கிய திட்டம், 1956 கலவரம் வெடித்த இடம். தலைவாய்க்காலில் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைவாய்க்காலில் தமிழ் விவசாயிகள், கீழே தண்ணீர் போய்ச் சேருவதே இல்லை. பட்டதாரி இளைஞர்களை விவசாயிகளோடு தங்கவைத்து, வாய்க்கால் மட்டத்தில் சிறு குழுக்களாகக் கூட்டிக் கதைக்கவைத்தார்கள். குளத்தில் தண்ணீர் குறைந்திருந்த காலத்திலேயே மேலே இருந்தவர்கள் முறை வைத்துப் பாய்ச்சி, மிச்சப்பட்ட தண்ணீரைக் கீழே விட்டார்கள். நாடு 1983 கலவரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மனிதர் பின்னாளில் மடகஸ்கார் போய், குறைந்த தண்ணீரில் ஒற்றை நாற்றாக நடும் நெல் முறையை அங்கே பார்த்து, அதை உலகமெல்லாம் பரப்பினார். அரசியல் விஞ்ஞானியின் தொழில் நெல் வயலில் போய் நின்றது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. அந்தப் பட்டதாரி அமைப்பாளர்களுக்கு நிரந்தர நியமனம் கொடுக்கவில்லை, அதனால் பலர் வேறு அரச வேலை கிடைத்ததும் போய்விட்டார்கள். உங்கள் வீட்டில் சொல்லும் பயம் அன்றைக்கும் இருந்தது, அது நியாயமான பயம்.

1956இல் அந்தக் கல்லோயாவில் மாணவர்களோடு கள ஆய்வில் இருந்தவர்தான் மானிடவியலாளர் எஸ். ஜே. தம்பையா. கலவரத்தை நேரில் கண்டார், பிறகு தாய்லாந்து, பிறகு ஹார்வர்ட். இலங்கை வன்முறை பற்றி எழுத அவர் திரும்பி வந்தது 1983க்குப் பிறகு. இப்படி நீண்ட தொழில் இது, அவசரப்படுபவர்களுக்குச் சரிவராது.

கேள்வி கேட்டவர்:
நன்றி சேர். வெளிநாட்டில் படிப்பவர்கள் எல்லோரும் தரவுத்தளம் வைத்துத்தான் செய்கிறார்கள், கள ஆய்வுக்கு மதிப்புக் குறைவு என்று எங்கள் பட்ச்சில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில் 2 (பழைய விரிவுரையாளர்):
இரண்டும் வேண்டும். ஆனால் தரவுத்தளம் எதை எண்ணுகிறது என்று முதலில் பாருங்கள். உப்சாலா பல்கலைக்கழகத்தின் மோதல் தரவுத்தளக் கணக்கில் ஒரு வருடத்தில் 25 பேராவது சண்டையில் இறந்தால்தான் அது ஆயுத மோதல். 2009க்குப் பிறகு அந்த அளவுகோலில் இங்கே மோதல் இல்லை. காணி, தண்ணீர், மேய்ச்சல் தரை வழக்குகள் மட்டும் குறையவில்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் ஆய்வு இருக்கிறது.

பதில் 3 (சம்பூர் அக்கா):
தங்கச்சி, நான் படித்தவள் இல்லை, ஆனால் உங்களைப் போன்றவர்கள் கேள்வி கேட்க வரும் வீடு எங்களுடையது. 2006இல் மாவிலாற்றுத் துருசு (தண்ணீர் திறக்கும் கதவு) மூடிய பிரச்சினையில் சண்டை தொடங்கி நாங்கள் இடம்பெயர்ந்தோம். அதன்பிறகு எங்கள் காணியை உயர் பாதுகாப்பு வலயம் என்றார்கள், அனல் மின்நிலையம் வரப்போகிறது என்றார்கள், 2016இல் நிலக்கரி வேண்டாம் என்றார்கள். முகாமில் இருந்தபோதும் மீளக்குடியேறிய பிறகும் எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், எழுதியதை ஒருவரும் திரும்பக் கொண்டுவந்து காட்டவில்லை. இந்த வேலைக்கு வருவதென்றால் வாங்கோ, சந்தோஷம். எழுதியதைத் தமிழிலும் ஒரு பிரதி எங்கள் சங்கத்தில் கொண்டுவந்து வையுங்கோ. அப்பாவோடு முதலில் பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்குப் போய் இருந்து பாருங்கோ, கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா ஆட்கள் எல்லோரும் தண்ணீர்த் திகதிக்காகச் சண்டை பிடிப்பதை அங்கே நேரிலேயே கேட்கலாம்.