ஆலன் ரிக்மனை சினிமா வீணடித்ததா?

மேடைப்பித்தன்:
பிரிட்டிஷ் நடிகர் ஆலன் ரிக்மன் என்றாலே ஹாரி பாட்டர் படங்களில் வரும் ஆசிரியர் ஸ்னேப், இல்லையென்றால் டை ஹார்ட் வில்லன், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் பெரிய வருத்தம். 1985இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி போட்ட 'லே லியேசோன் டாஞ்ஜெரூஸ்' நாடகத்தில் வால்மோன் என்ற முக்கிய வேடத்தில் நடித்தார், அந்த நாடகம் 1987இல் நியூயார்க்கின் பிராட்வே மேடை வரை போய் அவருக்கு அமெரிக்க நாடக விருதான டோனி விருதுப் பரிந்துரையும் வாங்கித் தந்தது. மறு வருஷமே அது படமானது, நாடகத்தை எழுதிய கிறிஸ்டபர் ஹாம்ப்டனே திரைக்கதையும் எழுதினார், ஆனால் வால்மோன் வேடம் ஜான் மால்கோவிச்சுக்குப் போய்விட்டது. சினிமா அவருக்குச் செய்த முதல் அநியாயம் இது.

குமரன்77:
அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே வால்மோனை பிராட்வேயில் பார்த்துவிட்டுத்தானே தயாரிப்பாளர் ஜோயல் சில்வர் அவரை டை ஹார்டுக்குக் கூப்பிட்டார்? 1988இல் அந்தப் படம் வந்தபோது ரிக்மனுக்கு வயது 42, அதுதான் முதல் சினிமா. கிராபிக் டிசைனராக இருந்தவர், 26 வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு ராடா நடிப்புப் பள்ளியில் சேர்ந்தவர், அவ்வளவு தாமதமாக வந்தவரை ஒரே படத்தில் உலகத்துக்கே தெரிய வைத்தது சினிமா. அப்புறம் அதில் அவர் செய்த ஹான்ஸ் குரூபரை வெறும் துப்பாக்கி வில்லன் என்று தள்ளிவிடாதீர்கள். நான் ஏன் கோட்டு சூட்டில் வரக்கூடாது, அப்படி வந்தால் பணயக்கைதி மாதிரி நடிக்கலாமே என்று யோசனை சொன்னதே ரிக்மன்தான். படத்தின் நாயகன் புரூஸ் வில்லிஸிடம் மாட்டிக்கொண்டதும் ஒரு நொடியில் அமெரிக்க உச்சரிப்புக்கு மாறி நடுங்குவாரே, அந்தக் காட்சி முழுக்க மேடை நடிகனின் வேலை.

செல்வி:
மேடை என்றாலே உச்சம், சினிமா என்றால் சரிவு என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. 1998இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஹெலன் மிரனோடு 'ஆண்டனி அண்ட் கிளியோபாட்ரா' நாடகம் செய்தார், விமர்சகர்கள் கிழித்தெடுத்தார்கள். அதற்கு முன்பே, 1990இல், அந்தோணி மிங்கெல்லாவின் 'ட்ரூலி மேட்லி டீப்லி' படத்தில் இறந்துபோன காதலனாகத் திரும்பி வருவார். வில்லத்தனம் ஒரு துளி கிடையாது, பாசம், எரிச்சல், பிடிவாதம் எல்லாம் கலந்த சாதாரண மனுஷன். கேமரா கிட்டே வந்தால் அவர் எவ்வளவு மென்மையானவர் என்று அதில் தெரியும்.

மேடைப்பித்தன்:
நான் சொல்வதும் அதுதான் செல்வி! அப்படிப்பட்டவரை வைத்து ஹாலிவுட் என்ன செய்தது? 1991இல் ராபின் ஹூட்டில் ஷெரிஃப் என்ற வில்லன் வேடம், பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டாவும் கிடைத்தது, சரி. ஆனால் அதன்பிறகு குரலை இழுத்துப் பேசும் கெட்டவன் வேண்டுமா, கூப்பிடு ரிக்மனை என்றாகிவிட்டது. ஒரு தடவைகூட ஆஸ்கர் பரிந்துரை இல்லை. ஸ்னேப்புக்கு மட்டும் 2001 முதல் 2011 வரை பத்து வருஷம் போயிருக்கிறது.

குமரன்77:
அந்தப் பத்து வருஷத்தை முழுதாகப் பாருங்கள் நண்பரே. 2001இல் லிண்ட்சே டங்கனோடு 'பிரைவேட் லைவ்ஸ்' நாடகம், அது பிராட்வேயும் போனது. 2005இல் லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில், காஸாவில் புல்டோசரில் அடிபட்டு இறந்த அமெரிக்கப் பெண் ரேச்சல் கோரியின் எழுத்துகளை வைத்து ஒரு நாடகம் தொகுத்து இயக்கினார். 2010இல் டப்ளின் ஆபி தியேட்டரில் இப்சன் நாடகம். ஸ்னேப்புக்காக அவர் மேடையை விடவே இல்லை. அந்த ஸ்னேப்பையும் சும்மா செய்யவில்லை, கதை எங்கே போகிறது என்று ஹாரி பாட்டர் எழுத்தாளர் ரௌலிங் முன்கூட்டியே காதில் போட்டிருந்த சின்னக் குறிப்பை வைத்துக்கொண்டு, எட்டுப் படத்திலும் எதையும் காட்டிக்கொடுக்காமல் நடித்தார்.

மேடைப்பித்தன்:
மேடையை விட்டார் என்று நான் எங்கே சொன்னேன்? நாடகம் நடந்த அன்றோடு போய்விடும், படம்தான் மிச்சம், என் கவலை அதுதான். வால்மோன் என்று தேடினால் கிடைப்பது மால்கோவிச்தான். 2016இல் ரிக்மன் போய்விட்டார், இனி அந்த வால்மோனை யார் பார்ப்பது?

செல்வி:
வால்மோன் இல்லை, ஆனால் 1982இல் பிபிசி எடுத்த 'பார்செஸ்டர் கிரானிக்கிள்ஸ்' டிவி தொடர் இருக்கிறது. அதில் ஒபதையா ஸ்லோப் என்ற வழுக்கு நாக்குப் பாதிரியார் வேடம், டை ஹார்டுக்கு ஆறு வருஷம் முந்தையது, ஹாலிவுட் நிழல்கூட அவர்மேல் விழாத காலம். அதையும், டிவிக்கான எம்மி விருது வாங்கித் தந்த 1996 டிவி படம் ரஸ்புடினையும் அடுத்தடுத்துப் பாருங்கள், அப்புறம் வீணடித்தார்களா இல்லையா என்று பேசுவோம்.