எம்.பி. டிவியில் "குடியேறிகளும் குற்றமும்" பேசினால் நாம் என்ன செய்வது?

கேள்வி (இலங்கை மலையகத்துக் கொட்டகலை, இப்போது இங்கிலாந்தின் லெஸ்டர்):
அண்ணாமாரே, அக்காமாரே, டிவியில் ஓர் எம்.பி. "குடியேறிகள் வந்துதான் குற்றம் கூடிப்போச்சு" என்கிறார். மறுநாள் வேலையிடத்தில் ஆட்கள் முகத்தைத் திருப்புகிறார்கள். அந்த கிளிப்பைப் பார்த்துவிட்டு அம்மா ஊரிலிருந்து அழுதுகொண்டு கோல் எடுக்கிறார். இதற்கு எங்கே பதில் சொல்வது?

பதில்:
தம்பி, கொமெண்டில் போய்ச் சண்டை பிடிக்காதீங்க. அவர் ஏதாவது எண் சொன்னாரா என்று பாருங்க. சொல்லியிருந்தால் அது கைதா, வழக்கா, தண்டனையா? கைதானவர் எல்லோரும் குற்றவாளி இல்லை. அடுத்தது, எத்தனை பேரில் என்ற கணக்கு. பெரும்பாலும் பிழை பிடிபடுவது இங்கேதான். குற்ற எண்ணிக்கையைப் புதிய வருடத்திலிருந்து எடுப்பார்கள், வகுப்பதற்கு 2021 சனத்தொகைக் கணக்கை எடுப்பார்கள். இடையில் வந்தவர்கள் வகுக்கும் அந்தச் சனத்தொகையில் இல்லாததால் வீதம் ஊதிப்போகும். வயதையும் மறக்காதீங்க. எந்த இனத்திலும் இளம் ஆண்கள்தான் அதிகம் குற்றத்தில் மாட்டுவார்கள், புதிதாக வருகிறவர்களில் இளவயதினரே கூட.

அரச புள்ளிவிபரத்தை அமைச்சர் திரித்திருந்தால், புள்ளிவிபர ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு யாரும் எழுதலாம், குடியுரிமை தேவையில்லை. சொன்ன வார்த்தை அப்படியே, நிகழ்ச்சி, திகதி, எந்த அட்டவணையோடு முரண்படுகிறது: இவ்வளவும் போதும். கோபத்தை அதில் கொட்டாதீங்க.

பத்திரிகை என்றால் முறைப்பாடுகளை விசாரிக்கும் பத்திரிகை ஒழுங்கு அமைப்பான இப்சோ, 4 மாதத்துக்குள். நிறையப் பேர் "எங்கள் இனத்தை இழிவுபடுத்தினார்கள்" என்று எழுதித் தோற்கிறார்கள். இப்சோ விசாரிக்கும் நெறிக்கோவையில் பாகுபாடு பற்றிய 12ஆவது விதி தனி ஆளைப் பற்றியது, கூட்டத்தைப் பற்றியது அல்ல. 1ஆவது விதியான துல்லியத்தில் பிடித்தால்தான் வழியுண்டு. எல்லாப் பத்திரிகையும் இப்சோவில் இல்லை, பார்த்துக்கொள்ளுங்க. டிவி, ரேடியோ என்றால் அவற்றைக் கண்காணிக்கும் ஒஃப்கொம், 20 வேலைநாளுக்குள். பிபிசி மட்டும் முதலில் பிபிசியிடமே போக வேண்டும்.

கவுன்சிலர் பேசியிருந்தால் அந்த கவுன்சிலில் கவுன்சிலர்களின் நடத்தை பற்றிய முறைப்பாடுகளைப் பார்க்கும் மொனிட்டரிங் ஆபிசருக்கு முறைப்பாடு. பாராளுமன்றத்துக்குள் பேசியதற்கு வழக்குப் போட முடியாது. உங்கள் தொகுதி எம்.பி.க்கு முகவரியும் போஸ்ட்கோடும் போட்டு எழுதுங்க. போஸ்ட்கோட் இல்லாத கடிதத்தை ஒதுக்கிவிடுவார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இலங்கை பொதுநலவாய நாடு. செல்லுபடியான விசாவோடு இங்கே வசிக்கிற, 18 வயதான இலங்கையர் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பதிவு தேர்தலுக்கு 12 வேலைநாள் முன்பே முடியும். வாக்குச்சாவடியில் இலங்கைப் பாஸ்போர்ட்டே அடையாளத்துக்குச் செல்லும்.

இன்னொரு பதில்:
தெருவில் திட்டினால், துப்பினால், தள்ளினால் அது வேறு விசயம். ஆபத்து என்றால் 999, முடிந்துபோனதென்றால் 101. "இனம் காரணமாக நடந்தது" என்று வாயால் சொல்லி, அப்படியே பதியச் சொல்லுங்க. இல்லாவிட்டால் சாதாரணத் தகராறாகப் போய்விடும். குற்ற இலக்கத்தை வாங்காமல் போனை வைக்காதீங்க. தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். முறைப்பாடு கொடுத்ததற்காக செல்லுபடியான விசா பாதிக்காது. விசா முடிந்தவர்கள் மட்டும் முதலில் வக்கீலிடம் பேசணும், பொலிஸ், விசாவைப் பார்க்கும் உள்துறை அமைச்சுக்குத் தகவல் கொடுக்கக்கூடும். பதிலுக்கு கை நீட்டாதீங்க. பொலிஸ் தரும் "கோஷன்" என்ற எழுத்துமூல எச்சரிக்கையில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது, அது பிறகு விசாவில் வந்து நிற்கும்.

மூன்றாவது பதில்:
அம்மாவுக்குச் சொல்லுங்க, தோட்டத்து வட்ஸ்அப் குரூப்பில் போடுமுன் அந்த கிளிப்பின் திகதியையும் ஊரையும் உங்களிடம் கேட்கச் சொல்லி. 2024 ஜூலை 29 இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொலையான பிறகு, செய்தவர் படகில் வந்த அகதி என்று பொய்ப் பெயரோடு பரவியது. பிடிபட்டவர் கார்டிஃபில் பிறந்தவர். மறுநாள் மாலை பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அதற்கு அடுத்த நாள் அதே ஊர்க்காரர்கள் துடைப்பமும் செங்கல்லுமாக வந்து மதிலைத் திருத்தினார்கள்.

நம்மவர் ஒருத்தர் குற்றத்தில் மாட்டினால் சங்கம் உடனே மன்னிப்பு அறிக்கை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. செய்தவன் பொறுப்பைச் சமூகம் தலையில் தூக்கி வைத்ததாகிவிடும். பாதிக்கப்பட்டவருக்கு அனுதாபம், விசாரணைக்கு ஒத்துழைப்பு, இரண்டு வரி போதும். "நாங்கள் நல்ல குடியேறிகள், படகில் வருகிறவர்கள்தான்..." என்ற பேச்சும் வேண்டாம். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தில் குடியுரிமை பறிபோய், பிறந்த மண்ணிலேயே கள்ளத்தோணி என்று கேட்டவர்களின் பிள்ளைகள் நாம்.

அக்கம்பக்கத்தார் நம்மோடு முறைப்பதற்குக் காரணம் பல நேரம் குற்றமே இல்லை. கோயில் திருவிழாவில் வீட்டு வாசலை மறித்து நிற்கும் கார், இரவு பத்துக்குப் பிறகு மேளம், குப்பை. இரண்டு வாரம் முன்பே தெரு முழுக்கக் கடிதம் போடுங்க, ஒரு போன் இலக்கத்தோடு. அன்று அந்தப் போனை எடுக்க ஒருத்தர் நிற்கணும், வாசல் மறிக்காமல் பார்க்க நாலு பேர். வார்ட் கவுன்சிலரையும் அக்கம்பக்கப் பொலிஸ் அணியையும் அன்னதானத்துக்குக் கூப்பிடுங்க. பிரச்சினை வந்த பிறகு முதல்முறை அறிமுகமாகப் போனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.